சாட்சிச் சுவரில் ஓர் ஆணி

இந்த பஸ் பூவரசன்விளை விலக்கு வழியாகத்தானே போகிறது, டீச்சர்? முன்னால் போர்டில் என்ன போட்டிருந்தது, பார்த்தீர்களா? கண்டக்டரிடம் கேட்டால், "போர்டப் பாத்து ஏறக்கூடாதா பாட்டி" என்கிறான். பாட்டியாம். எனக்கு அறுபது கூட முடியவில்லை. கண்ணெல்லாம் நன்றாகத் தெரிகிறது எனக்கு. வெயில் கூசுகிறது, அவ்வளவுதான்.

டீச்சர்தானே நீங்கள்? பேப்பர் கட்டு என் மடியில் இடிக்கிறது, அதை வைத்துச் சொன்னேன். ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தீர்களே, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார். இந்தப் பக்க ஜன்னல்தான் எனக்கு வேண்டும். காற்று வரும்.

வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாச ஜெபத்துக்குப் போகிறேன். மினிபஸ்ஸில் ஏறினால் சபை வாசலிலேயே இறக்கிவிடுவான். சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அதில் ஒரே சினிமாப் பாட்டு. அதனால்தான் இந்தச் சுற்று பஸ். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ரோடு பிரிகிற அந்த விலக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இறங்குவதற்கு இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

விலக்கில் என் தம்பி ஞானதுரை கடை வைத்திருக்கிறான். ஜெராக்ஸ், செல்போன் ரீசார்ஜ். அவனோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கள். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவனுக்கு நடக்கப் பழகுகிற வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப் போனது. அம்மா வயலுக்குப் போய்விடுவாள். நான்தான் இடுப்பில் தூக்கிச் சுமந்தேன். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அவன் வகுப்பில் இறக்கிவிட்டு, பிறகுதான் என் வகுப்புக்குப் போவேன். கொஞ்சம் வளர்ந்ததும் பெரியாஸ்பத்திரியில் கம்பி பூட்ஸ் செய்து கொடுத்தார்கள். பார்த்திருப்பீர்கள். காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் முட்டியிலும் தோல்பட்டை, கீழே பூட்ஸ். அதைப் போட்டால் முட்டி மடங்காது, ஆள் நிமிர்ந்து நிற்கலாம். காலையில் கண்ணை விழித்ததும், "எக்கா, பூட்ஸ எடுத்துத் தா" என்பான். நான்தான் மாட்டிவிடுவேன். கீழ்ப்பட்டை முதலில், மேல்பட்டை பிறகு. மாற்றி மாட்டினால் முட்டியை உரசும். அவன் வளர வளர பூட்ஸும் மாறிக்கொண்டே வந்தது. சத்தம் மட்டும் மாறவில்லை. டக்கென்று ஒரு ஊன்றல், பிறகு ஒரு இழுப்பு. அவன் தெருமுனையில் வரும்போதே நான் உலையில் அரிசியைப் போட்டுவிடுவேன்.

அவனுக்குக் கல்யாணம் முடிந்தது. பியூலா என்று பெயர். பட்டை மாட்டுகிற வேலை அவள் கைக்குப் போனது. போகட்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ரூபன் பாஸ்டர் எங்கள் ஊரில் சபை தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

சபையின் வலது பக்கச் சுவர் முழுக்க ஆணி அடித்திருக்கும், டீச்சர். அதற்குச் சாட்சிச் சுவர் என்று பெயர். ஜெபத்தில் சுகம் கிடைத்தவர்கள் தங்கள் சாமானைக் கொண்டுவந்து அங்கே மாட்டிவிட வேண்டும். ஊன்றுகோல், இடுப்பு பெல்ட், கழுத்துப் பட்டை, மூச்சுத் திணறலுக்கு உறிஞ்சுகிற மருந்து டப்பா. ஒவ்வொன்றுக்கும் கீழே நீலப் பெயிண்டில் பெயர். வெளியூர்க்காரர்கள் உள்ளே வந்ததும் பீடத்தைப் பார்க்கமாட்டார்கள், அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள். சனிக்கிழமை அதைத் துடைத்து வைப்பது என் ஊழியம். துடைக்கும்போதெல்லாம் ஒரு காலி ஆணியைப் பார்ப்பேன். இது என் தம்பிக்கு என்று சொல்லிக்கொள்வேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அறுப்பு முடிந்த வயலில் பந்தல் போட்டு சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. அவன் வரமாட்டேன் என்றான். அவன் எங்கள் சபைக்கே வரமாட்டான். பழைய வேதக்கோயிலுக்குத்தான் போவான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சீக்கிரம் எழுந்து வந்துவிடுவான். "கூட்டம் முடிய நேரமாகும், என்னைக் கூட்டிட்டுப் போகவாவது வால" என்று சொல்லித்தான் வரவழைத்தேன். வந்து பந்தலுக்கு வெளியே, சுக்குக்காப்பிக் கடைப் பக்கம் நின்றான்.

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் கூப்பிட்டார். "ஞானதுரை! ஞானதுரை என்கிற மகனே! உன் காலை கர்த்தர் தொடுகிறார், வா!"

கூட்டமே அதிர்ந்தது, டீச்சர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாஸ்டருக்குத் தன் பெயர் எப்படித் தெரியும் என்று அவன் பிறகு கேட்டான். நான்தான் முந்தின நாள் பாஸ்டரிடம் சொல்லியிருந்தேன். அதனால் என்ன? கர்த்தர் மனுஷரைக் கொண்டுதானே பேசுவார்?

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "எக்கா, ஒன்னையக் கூட்டிட்டுப் போகத்தான வந்தேன். எனக்கு ஒண்ணும் வேண்டாங்கா" என்றான். அதற்குள் சபைச் சகோதரர்கள் வந்து கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். பாஸ்டர் அவன் நெற்றியில் எண்ணெய் பூசினார். பூட்ஸைக் கழற்றினார்கள். "விசுவாசித்து நட!" என்றார்.

நடந்தான். தொடையில் கையை ஊன்றிக்கொண்டு, மேடையின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரைக்கும் நடந்தான். ஜனங்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். நான் தரையில் விழுந்து அழுதேன். பியூலா மட்டும் அழவில்லை. கல்லு மாதிரி நின்றாள். "மைனி, வீட்டுல ராத்திரி பாத்ரூமுக்கு இப்படித்தான போவாவ" என்று என் காதில் சொல்கிறாள். நினைத்துப் பாருங்கள், அப்பேர்ப்பட்ட நேரத்தில்! வீட்டில் நடப்பது எனக்குத் தெரியாதா? அது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது. அது வேறு, இது வேறு.

இறங்கி வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எக்கா, பூட்ஸ எங்க?" ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை. பூட்ஸைக் கேட்கிறான். பாஸ்டர் அதை ஏற்கெனவே தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஜனங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அது சுவரில் ஏறியது. நான் பார்த்து வைத்த அதே ஆணி. அதன் பிறகு என் நிலைமையே மாறிப்போனது. அதுவரைக்கும் பெருக்குகிற ரஞ்சிதம். அன்று முதல் சாட்சிக்காரர் அக்கா. முன்வரிசையில் எனக்கென்று நாற்காலி போட்டார்கள். யாராவது வீட்டில் காய்ச்சல் தலைவலி என்றால் என்னைக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொன்னார்கள்.

சாட்சி என்றால் ஒரு தடவை சொல்லிவிட்டு வீட்டில் இருப்பதா? நாலு ஊருக்குச் சொல்ல வேண்டும். பாஸ்டர் போகிற கூட்டத்துக்கெல்லாம் இவனையும் வேனில் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் நடந்து காட்டுவான். ஆனால் அந்தக் கை, டீச்சர்! தொடையிலிருந்து கையை எடுக்கவே மாட்டான். பேன்ட்டில் அந்த இடம் மட்டும் நைந்து வெளுத்துப் போனது. "கைய எடுல, பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க" என்று நானே தட்டிவிடுவேன். கையை எடுத்தால் சாய்வான். மறுபடியும் கையை வைப்பான். குனிந்து குனிந்து நடப்பான். விசுவாசம் பத்தாமல்தான் அப்படி. வேறு என்ன?

பியூலா ஓதிக்கொண்டே இருந்தாள். "மைனி, முட்டி பின்னால வளையுது, பாருங்க. ராத்திரியெல்லாம் வலின்னு தூங்க மாட்டேங்காவ."

"வலி போற வலிதான். போகும்போது அப்படித்தான் குத்தும்" என்றேன்.

"வேற பூட்ஸுக்கு அளவு எடுக்கச் சொல்லட்டா?"

"சாட்சி சொன்ன காலுல இரும்ப ஏத்துனா முன்னவிட மோசமாயிரும்னு பாஸ்டர் சொன்னது ஒன் காதுல விழலையா?"

"பாஸ்டர் காலா அது?" என்று கேட்டாள். கேட்டாளே! அவள் நாக்கு அப்படி.

அவள் வாய் முகூர்த்தம்தான் என்று நினைக்கிறேன். அடுத்த மழையில் கடைப் படியில் வழுக்கி விழுந்து, வலது கையை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டு போட்டார்கள். பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து ஜெபித்தார். "கால் சுகமாத்தான் இருக்கு. ஒடஞ்சது கைதான். காலச் சந்தேகப்படாதீங்க" என்று அழகாகச் சொன்னார். நான் ஆமென் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் ஏன் சிரித்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

கஷ்டம் எங்கே வந்தது என்றால், ஊன்றுகிற கை அதுதான். கையில் கட்டைப் போட்ட பிறகு தொடையில் எதை ஊன்றுவது? எழுந்து நிற்கவே முடியவில்லை. கட்டிலே கதி என்று ஆகிவிட்டது. கடையைப் பூட்டிப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, புதுப் பூட்ஸ் செய்து வர மாசக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். பியூலா நேராக பாஸ்டரிடம் போய்ப் பழையதைக் கேட்டிருக்கிறாள்.

"அது இப்ப உங்களுடையது இல்ல சிஸ்டர். ஆண்டவருக்குக் கொடுத்தாச்சு" என்றார்.

"ஆண்டவருக்கு ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு பாஸ்டர்" என்றாளாம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுகம் கிடைத்த முதல் வருஷ ஸ்தோத்திர ஆராதனை வந்தது. வெளியூரிலிருந்து பெரிய ஊழியக்காரர் ஒருவர் வருகிறார். சாட்சிக்காரர் இல்லாமல் எப்படி? நான் அவன் கட்டிலோரம் போய் அழுதேன். "எனக்காக ஒரு தடவ வால. ஒன்னையத் தூக்கிச் சுமந்தேனேல" என்றேன். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். பிறகு, "சரிக்கா, வாரேன்" என்றான். எனக்காக வருகிறான் என்று நினைத்தேன். எவ்வளவு ஏமாளி நான்!

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து முன்னால் உட்கார வைத்தார்கள். சபை நிரம்பி வாசலிலும் ஜனம். பாஸ்டர் மைக்கை நீட்டினார். அவன் வாங்கவில்லை. சுவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எக்கா, பூட்ஸ எடுத்துத் தா" என்றான்.

என்னிடம் கேட்டான், டீச்சர். பாஸ்டரிடம் கேட்கவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் கேட்கவில்லை. அத்தனை ஜனத்துக்கு முன்னால் என்னைக் கேட்டான். சின்ன வயசில் கேட்பானே, அதே மாதிரி.

நான் அசையவில்லை. விசுவாசத்தில் நின்றேன். கை மட்டும் பழக்கத்தில் கொஞ்சம் தூக்கிவிட்டது. அதை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

பியூலா எழுந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சுவரோரம் போட்டாள். ஏறினாள், பூட்ஸை ஆணியிலிருந்து எடுத்தாள். பாஸ்டர் கீபோர்டு வாசிக்கிறவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர் சத்தமாகப் பாட்டைத் தொடங்கினார். எல்லாரும் கையைத் தட்டிப் பாடினார்கள். இந்தப் பக்கம் இவள் தரையில் உட்கார்ந்து அவன் காலில் பட்டையை மாட்டுகிறாள். மேல்பட்டையை முதலில் இழுக்கிறாள்! கீழ்ப்பட்டைதான் முதலில் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. அப்புறம் அவனே சொன்னான்.

இன்னொன்றும் சொன்னான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எண்ணெ போட்டு வச்சிருக்கியேக்கா" என்றான். எல்லாருக்கும் கேட்கும்படி! பாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். தோல் காய்ந்தால் வெடித்துப் போகும். அதனால் சனிக்கிழமை துடைக்கும்போது ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து வைப்பேன். சாட்சிப் பொருள் பாழாகக் கூடாதே என்றுதான். மற்றதற்கெல்லாம் போட்டாயா என்று கேட்காதீர்கள். மற்றதெல்லாம் தோல் இல்லை. இவன் என்னவோ, தான் திரும்பி வந்து போட்டுக்கொள்வதற்காகவே நான் பதமாக வைத்திருந்த மாதிரி பேசுகிறான்.

எழுந்தான். பாட்டு முழங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டக்கென்று ஒரு ஊன்றல், ஒரு இழுப்பு. நடுவழியில், ஜனங்களுக்கு நடுவே, வாசல் வரைக்கும் நடந்து போனான். நிமிர்ந்து நடந்தான், டீச்சர்! அதுதான் எனக்கு ஆத்திரம். சாட்சி சொன்ன வருஷமெல்லாம் குனிந்தே நடந்தவன், என்னை அவமானப்படுத்திவிட்டுப் போகிறபோது மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறான். இப்படி நடக்கத் தெரிந்தவன் மேடையில் நடந்திருக்கக் கூடாதா?

அன்றோடு முடிந்தது. அவனும் பியூலாவும் விலக்கிலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சுவரில் அந்த ஆணி மட்டும் தனியாக நின்றது. கீழே அவன் பெயர். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களெல்லாம் அந்த வெறும் ஆணியைத்தான் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். முன்வரிசையில் என் நாற்காலியைக் காணவில்லை. இடம் பத்தவில்லையாம். ஒருநாள் பிரசங்கத்தில் பாஸ்டர் சொன்னார். "ஒரு வீட்டார் எடுத்துட்டுப் போன இடத்த, அந்த வீட்டு விசுவாசம்தான் நிரப்பணும்." யாரைச் சொல்கிறார் என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

நான் எழுந்து போனேன். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஆமாம், நானும் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தவள்தான். சோடாபுட்டி என்று தெருப் பிள்ளைகள் கேலி செய்கிற கண்ணாடி. பாஸ்டர் என் கண்ணில் கை வைத்து ஜெபித்தார். வேதப் புத்தகத்தைத் திறந்து நீட்டி, "வாசியுங்கள்" என்றார். ஒரு சங்கீதத்தைக் கடகடவென்று வாசித்தேன். ஒரு தப்புக் கிடையாது. பக்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தேன். சின்ன வயசிலிருந்து எனக்கு மனப்பாடமான சங்கீதம்தான். அதனால் என்ன? மனப்பாடமாக இருந்தால் வாசிக்கக் கூடாது என்று சட்டமா? சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. இப்போது அந்த ஆணியில் என் கண்ணாடி தொங்குகிறது. கீழே அவன் பெயரின்மேல் வெள்ளையடித்து என் பெயரை எழுதியிருக்கிறார்கள். எழுதியிருப்பதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை இப்போதும் துடைக்கிறேன். கண்ணாடிக்கு எண்ணெய் தேவையில்லை. அந்த மட்டுக்கும் நல்லது.

என்ன டீச்சர், பேசாமல் வருகிறீர்கள்? நியாயம் யார் பக்கம் என்று கேட்டேனே.

விலக்கு வந்துவிட்டதா? வேகம் குறைகிற மாதிரி இருக்கிறதே. வந்துவிட்டதா! சொல்லுங்கள் என்றேனே. புளியமரத்துக்குப் பக்கத்தில் பச்சை ஷட்டர் போட்ட கடை. திறந்திருக்கிறதா? நான் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருக்கிறேன், அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். திறந்திருக்கிறதா, நல்லது. உள்ளே ஆள் இருக்கிறதா?

வெளியிலா? வெயிலில் ஏன் நிற்கிறான்? ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் யாரையாவது வழியனுப்புகிறானா? இல்லையா? பஸ்ஸைப் பார்த்துக்கொண்டா? ஜன்னல் ஜன்னலாகவா?

கொஞ்சம் பொறுங்கள். முக்காட்டைப் போட்டுக்கொள்கிறேன்.

டீச்சர், உங்கள் கண்ணாடியில் தூசி இருக்கிற மாதிரி தெரிகிறது. கழற்றிக் கொடுங்கள், துடைத்துத் தருகிறேன். எனக்குத் துடைத்துப் பழக்கம். கொடுங்கள், சீக்கிரம். பஸ்ஸை எடுத்துவிடப் போகிறான்.

எங்கே? எந்தப் பக்கம்?

எல்லாம் கலங்கலாக ஆடுகிறது. இது என் கண்ணுக்குச் சேரவில்லை. உங்களுக்கு வயசு கம்மி, பவரும் கம்மியாக இருக்கும். இந்தாருங்கள், பிடியுங்கள், நீங்களே போட்டுப் பாருங்கள். நான் போட்டேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டானா? தம்பி கையைக் காட்டுகிறானா? நீங்கள் திருப்பிக் காட்ட வேண்டாம், கையைக் கீழே போடுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், டீச்சர். நிமிர்ந்துதானே நிற்கிறான்?